ட்ரெட்மில்லில் தெரியும் காயம்

அமெரிக்காவில் நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊர் பஃபலோ. அங்குள்ள பல்கலைக்கழகத்தில், தலையில் அடிபட்டு வருகிறவர்களை ட்ரெட்மில்லில் ஏற்றி நடக்கவிடுகிறார்கள். கேட்பதற்குக் கொஞ்சம் இரக்கமில்லாத வைத்தியமாகத்தான் தோன்றும். நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டி, இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போல இருக்கும்; பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவரின் நடை. முதல் நிமிடம் சமதளம். அதற்குப்பின் நிமிடத்துக்கு 1 சதவீதம் வீதம் பாதை மேட்டுப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு நிமிடமும் இரண்டே கேள்விகள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது? தலைவலி, கிறுகிறுப்பு, மந்தம் எல்லாம் சேர்த்து 10-க்கு எத்தனை?

ஏறும்போது 1 என்று சொன்னவர், சில நிமிடங்கள் 1, 2 என்றே சொல்லிக்கொண்டு வருவார். பிறகு சட்டென்று 4 என்பார். முகம் வெளிறியோ சிவந்தோ இருக்கும், கைப்பிடியைத் தேடுவார். ஆரம்பத்தைவிட 3 புள்ளி கூடியதும் இயந்திரம் நின்றுவிடும். அந்த நேரத்தில் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்று குறித்துக்கொள்வார்கள். 140 என்று வைத்துக்கொள்வோம். அவருக்கான மருந்துச்சீட்டு அந்த எண்ணிலிருந்துதான் எழுதப்படும்.

அதே வயதில், அதே உடல்வாகில், அடிபடாத ஒருவரையும் ஏற்றிப் பாருங்கள். 140-ல் அவர் பேசிக்கொண்டே நடப்பார். கடைசியில் கால் ஓய்ந்தோ மூச்சு வாங்கியோ இறங்குவாரே தவிர, தலை வலிக்கிறது என்று இறங்கமாட்டார். ஜான் லெட்டி, பேரி வில்லர் என்ற இருவரும் இதயநோய் மருத்துவர்களின் பழைய ட்ரெட்மில் முறை ஒன்றை எடுத்துத் தலைக்காயத்துக்குத் திருப்பியபோது, அவர்கள் கையில் கிடைத்தது இந்த வித்தியாசம்தான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்குப் பிறகு, நோயாளி சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒளிந்துகொண்டிருக்கிற ஒரு கோளாறு, உடலுக்கு வேலை கொடுத்தவுடன் வெளியே வந்துவிடுகிறது.

நம் ஊரில் பைக்கிலிருந்து விழுந்து எழுந்தவர்களில் பலரும் கேட்டிருக்கும் வசனம் ஒன்று உண்டு. “ஸ்கேன் நார்மல், பயப்பட ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க.” சி.டி. ஸ்கேன் தேடுவது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். இரண்டும் இல்லையென்றால் உயிர் தப்பியது என்று பொருள். அது சின்ன விஷயமில்லை. ஆனால் மூளை அதிர்ச்சியில் முறுக்கிக்கொள்வது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள நரம்பிழைகள். அவை எந்த சி.டி. படத்திலும் விழாது. படத்தில் ஒன்றும் இல்லாதவருக்கு மூன்றாம் வாரத்திலும் மாடிப்படி ஏறினால் தலை பிளக்கிறது, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. இத்தனைக்கும் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். வீட்டாருக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான்.

சந்தேகப்படுவதற்கு முன், நாம் கட்டளையிடாமலே உடம்பை நடத்திக்கொண்டிருக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, குடலின் அசைவு, கண்மணியின் அகலம் எல்லாம் அதன் பொறுப்பு. அதில் இரண்டு அணிகள். ஒன்று பரிவு நரம்புகள். ஓடு, எதிர்த்து நில் என்று உடம்பை முடுக்குபவை. மற்றொன்று துணைப்பரிவு நரம்புகள். மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், குடல்வரை போகும் வேகஸ் நரம்பு இவற்றில் முதன்மையானது.

கோயில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். ஊரே சேர்ந்து வடம் பிடித்து இழுக்கும். எல்லோர் கண்ணும் அங்கேதான். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த வீதியில் எப்படித் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுகிற நாலைந்து பேர். வடம் பிடிப்பவர்கள் பரிவு நரம்புகள் என்றால், முட்டுக்கட்டைக்காரர் வேகஸ். இதயத்தைத் தன்போக்கில் விட்டால் அதன் இயல்பான தாளம் நிமிடத்துக்கு 100 அளவில் இருக்கும். ஓய்வில் 70 என்று நாம் எண்ணுகிறோமே, அது வேகஸ் கட்டை போட்டு அடக்கிவைத்திருக்கும் எண். எழுந்து நின்றால் வேகஸ் முதலில் கட்டையை உருவுகிறது. ஒரு துடிப்புக்குள் வேலை முடிந்துவிடும். பரிவு நரம்புகள் வடத்தை இழுத்துப் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். ஆகவே உடல்நிலை நொடிக்கு நொடி மாறும்போதெல்லாம் முன்னால் நிற்க வேண்டியவர் முட்டுக்கட்டைக்காரர்தான்.

எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்குத் தெரிவதே இல்லை. நின்ற சில விநாடிகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகின்றன. துடிப்பு 10, 20 கூடுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. தலைக்குப் போகும் ரத்தம் குறையாமல் காக்கப்படுகிறது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடம்பு செலவிடும் சக்தியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் படியளப்பதில் சிறிது தாமதமானாலும் முதலில் மங்குவது பார்வையும் நினைவும்தான்.

அடி விழும்போது தலை நேர்க்கோட்டில் மட்டும் போய் வருவதில்லை, சுழலவும் செய்கிறது. மண்டைக்குள் மென்மையான மூளை கொஞ்சம் பின்தங்கிச் சுழலும்போது, முறுக்கு அதிகம் விழும் இடங்களில் ஒன்று மூளைத்தண்டின் மேற்பகுதி. தன்னியக்க நரம்புகளை ஆளும் மையங்கள் மூளைத்தண்டிலிருந்து ஹைப்போதலாமஸ், இன்சுலா என்று மேலே வரை சங்கிலியாகக் கோர்த்திருக்கின்றன. அந்தச் சங்கிலி இந்த வழியாகத்தான் போகிறது. இழுபட்ட நரம்பணுக்களில் அடுத்து நடப்பதை, லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீஸா, ஹோவ்டா இருவரும் 2001-ல் தொகுத்து எழுதினார்கள். பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப அணுக்களின் அயனிப் பம்புகள் முழு மூச்சாக ஓடிக் குளுக்கோஸைக் கரைக்கின்றன. அதே வேளையில் மூளைக்கு வரும் ரத்தம் குறைகிறது. தேவை கூடும்போது வரத்து குறைந்தால் நெருக்கடிதானே. செல்லளவிலான இந்த நெருக்கடி பெரும்பாலும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் தணிந்துவிடும். சிலருக்கு அதற்குப் பிறகும் கட்டுப்பாடு பழைய தாளத்துக்குத் திரும்புவதில்லை.

கனடாவில் 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மூளை அதிர்ச்சிக்கு ஆளான இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களின் இதயத் துடிப்பை, அடிபடாத சக வீரர்களின் துடிப்போடு ஒப்பிட்டார்கள். பார்த்தது சராசரி எண்ணை அல்ல; ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்துவிட்டால் நீங்களே உணரலாம். இழுக்கும்போது துடிப்பு சற்று முந்தும், விடும்போது பிந்தும். ஆரோக்கியமான இதயம் கடிகாரம் போலத் துடிப்பதில்லை. வேகஸ் ஒவ்வொரு மூச்சுக்கும் அதைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஹாக்கி வீரர்களை ஓய்வில் அளந்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மிதமான உடற்பயிற்சி கொடுத்ததும் அடிபட்டவர்களின் துடிப்பில் அந்த நெகிழ்வு குறைந்துவிட்டது. தலைவலி இல்லை, விளையாடத் தயார் என்று சொன்ன நாட்களிலும்கூட.

பஃபலோவில் இன்னொரு சோதனை. ஐஸ் தண்ணீர்ப் பையை முகத்தில் சில நிமிடம் வைக்கிறார்கள். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டால் இதயம் மெதுவாவது பாலூட்டிகளுக்குப் பொதுவான பழைய அனிச்சை. கடலில் முங்கும் சீலுக்கும் அதுதான். அதை நடத்துவது வேகஸ். சமீபத்தில் மூளை அதிர்ச்சி கண்ட கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு, குறைய வேண்டிய அளவுக்குத் துடிப்பு குறையவில்லை. கட்டை போடவேண்டிய நேரத்தில் ஆள் அசமந்தமாக இருக்கிறார்.

ட்ரெட்மில்லில் மேடேறும்போது தலை வலிப்பதற்குக் காரணங்களில் ஒன்றாக பஃபலோ குழுவினர் கண்டது கரியமில வாயு. மூளையின் ரத்தக் குழாய்கள் ரத்தத்திலுள்ள கரியமில வாயுவுக்கு உடனே வளைந்து கொடுப்பவை. அது கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். பயிற்சி கூடக்கூட மூச்சும் கூடி, அந்த வாயுவை வெளியே தள்ள வேண்டும். அறிகுறிகள் நீடித்த வீராங்கனைகளை அளந்தபோது, செய்த வேலைக்கு ஏற்ற அளவு அவர்கள் மூச்சுவிடவில்லை என்பது தெரிந்தது. வாயு தேங்கியது, மூளைக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்ந்தது, தலை வலித்தது. அளந்து கொடுத்த பயிற்சிக்குப் பிறகு மூச்சும் ரத்த ஓட்டமும் சரியாயின. 2016-ல் வெளியான இந்தச் சிறிய ஆய்வைப் படித்தபோதுதான், தலைவலிக்கான மூலத்தை மூச்சிலும் தேடலாம் என்பது எனக்கு உறைத்தது.

நிற்பதே பாடாகிவிடுகிறவர்கள் தனி ரகம். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்றால், 10 நிமிடத்துக்குள் துடிப்பு 30-க்கு மேல் கூடி, இறங்காமல் அங்கேயே நிற்கும். 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு இந்த வரம்பு 40. ரத்த அழுத்தம் விழாமலே இப்படி நடந்து, கூடவே கிறுகிறுப்பும் படபடப்பும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதை பாட்ஸ் என்று சொல்கிறார்கள். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷோன்டார்ஃப், லோ இருவரும் 1993-ல் அதை வரையறுத்தார்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வருவதுதான் அதிகம். கொரோனாவுக்குப் பின் நிறையப் பேருக்கு வந்தது. மூளை அதிர்ச்சிக்குப் பிறகும் சிலருக்கு வருகிறது. அந்தக் கொரோனா காலத்தில் வாங்கி மேசை டிராயரில் போட்டுவைத்த விரல் ஆக்ஸிமீட்டர் இங்கே உதவும். காலையில் எழுவதற்கு முன் படுத்தபடியே துடிப்பைக் குறித்துக்கொண்டு, பிறகு சுவரில் லேசாகச் சாய்ந்து நின்று நிமிடத்துக்கு ஒரு தரம் 10 நிமிடம் குறித்து, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுக்கலாம். பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மயக்கம் வருவது போலிருந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். “ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்று சொல்வதைவிட அந்தத் தாள் பத்து மடங்கு பேசும்.

இவ்வளவையும் பல ஆண்டுகள் எப்படிச் சமாளித்தார்கள்? இருட்டறையில் போட்டு. அறிகுறி முழுக்கத் தீரும்வரை படிப்பு, டி.வி., நண்பர்கள், விளையாட்டு எதுவும் கூடாது. மூளைக்கு ஓய்வு கொடுத்தால் ஆறும் என்ற எண்ணம் நியாயமாகத்தான் தெரிந்தது. விஸ்கான்சினில் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களில் ஒரு பாதிக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு. மற்றவர்களுக்கு வழக்கமான 1, 2 நாள் ஓய்வும் பிறகு படிப்படியாகப் பழைய வேலைகளும். 5 நாள் படுத்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அவை தணியவும் கூடுதல் நாட்கள் பிடித்தன.

படுக்கை ஆரோக்கியமானவரையே என்ன செய்யும் என்பது அதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1966-ல் டல்லஸில், 20 வயதுத் திடகாத்திரமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவு கால்வாசிக்கும் மேல் சரிந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் கூப்பிட்டு அளந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது. இந்த இரண்டாம் அளவெடுப்பில் பங்குகொண்ட பெஞ்சமின் லெவின்தான் பின்னாளில் பாட்ஸ் நோயாளிகள் பலருக்கு இதயம் சிறுத்தும், ரத்தத்தின் கொள்ளளவு குறைந்தும் இருப்பதை 2010-ல் எழுதி, அவர்களைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்திலும் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளிலும் பழக்கினார். நிற்கவே முடியாதவரை நடக்கச் சொல்வது அபத்தம். உட்கார்ந்தபடியே இதயத்துக்கு வேலை கொடுக்கலாம். ஆக, தலையில் அடிபட்ட பையனை மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தினால், அடியால் வந்த கோளாறோடு படுக்கையால் வந்த கோளாறும் சேர்ந்துகொள்கிறது. எது எவ்வளவு என்று பிரிப்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சச்சரவு உண்டு. வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

இனி அந்த 140-க்கு வருவோம். அதில் 80 சதவீதம் 112. துடிப்பு 112-ஐ எட்டும்படி, தாண்டாதபடி, நாளைக்கு 20 நிமிடம் நடை அல்லது சைக்கிள். தலைவலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வாரம், பத்து நாளில் மறுபடி ட்ரெட்மில். வரம்பு ஏறியிருக்கும், மருந்தும் ஏறும். 103 பதின்ம வயதினரை வைத்து லெட்டி குழு செய்து 2019-ல் வெளியிட்ட சோதனையில், இப்படிப் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் 13 நாளுக்குள் தேறினார்கள்; வெறும் கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் தேற 17 நாள் ஆனது. நாலு நாள்தானே என்று தோன்றலாம். 2021-ல் 118 பேரை வைத்துச் செய்த அடுத்த சோதனையில் 14-க்கு 19. அதைவிட முக்கியம், நாலு வாரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கனடாவின் 9 மருத்துவமனைகளில் மூவாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு நாலு வாரம் தாண்டியும் அறிகுறிகள் இருந்தன. அந்தக் கணக்கில் பாதியைக் குறைப்பது லேசான காரியமில்லை.

2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக விளையாட்டு மருத்துவர்களின் மாநாடு இதை ஏற்றுக்கொண்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு. வீட்டுக்குள் நடமாடலாம், சின்ன வேலை செய்யலாம். அதன்பின் படிப்படியான பயிற்சி. மறுபடியும் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டு மட்டும் முழுதாகத் தேறும்வரை கூடாது. போனைப் பிடுங்கிவைக்கும் பெற்றோர் முதல் 48 மணி நேரம் செய்வது சரிதான். மாசசூசெட்ஸில் நடந்த ஆய்வில், அந்த இரண்டு நாள் திரை பார்த்தவர்கள் தேற 8 நாளும், பார்க்காதவர்கள் தேற மூன்றரை நாளும் ஆயின. மூன்றாவது வாரமும் பிடுங்கிவைத்திருந்தால் அதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

இதெல்லாம் ஆபத்து நீங்கியபிறகு பேசவேண்டிய பேச்சு. தலைவலி நேரமாக ஆகக் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்மணி மட்டும் பெரிதானாலோ நேராக அவசரப் பிரிவுதான்.

நின்றால் படபடக்கும் ரகத்துக்குத் தண்ணீர் கூடுதல், உப்பு கூடுதல், காலை இறுக்கிப் பிடிக்கும் நீளமான சாக்ஸ். ஊரே உப்பைக் குறை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கூட்டு என்று சொல்லும் வைத்தியம் இது. ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்க வேண்டாம். இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. அது மருத்துவர் பார்த்துத் தரவேண்டியது.

பதற்றம்தான் காரணம், மனசுதான் காரணம் என்று இவர்களை அனுப்பிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. காரணமில்லாமல் நெஞ்சு 130-ல் துடித்தால் யாருக்குத்தான் பதற்றம் வராது? பரிவு நரம்புகள் முடுக்கிவிட்ட உடம்பும் பயந்த உடம்பும் உள்ளிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதனால் பயம் கோளாறைக் கூட்டும், கோளாறு பயத்தைக் கூட்டும். மனநல உதவி வேண்டியவர்களும் உண்டு. ஆனால் நிற்கவைத்து நாடியைப் பார்க்காமலே அந்த முடிவுக்கு வரக்கூடாது. மறுபக்கம், கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் துடிப்பின் நெகிழ்வு குறைந்துவிட்டது என்று காட்டினாலே மூளையில் ஏதோ என்று பயப்படுவதும் வீண். முந்தைய இரவுத் தூக்கம், ஒரு காபி, லேசான ஜலதோஷம் எல்லாமே அந்த எண்ணை ஆட்டிவைக்கும். குழுக்களை ஒப்பிட உதவும் அளவு அது. தனி ஒருவருக்குத் தீர்ப்பு எழுதப் போதாது.

ட்ரெட்மில்லுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. சிலர் தலைவலி, கிறுகிறுப்பு என்று மாதக்கணக்கில் அவதிப்பட்டிருப்பார்கள். மேடு ஏற ஏற நடந்து, வயதுக்கேற்ற உச்சத் துடிப்பை நெருங்கியும் அறிகுறி கொஞ்சமும் கூடாது. அப்படியானால் அவருடைய தன்னியக்க நரம்புகள் தேறிவிட்டன என்று கொண்டு, வேறு இடத்தில் தேட வேண்டும். தலையை ஆட்டிய அதே அடி கழுத்தையும் உலுக்கியிருக்கும்; கழுத்துத் தசையிலிருந்து ஏறும் வலி பின்மண்டையில் நின்று தலைவலி வேஷம் போடும். உள்காதின் சமநிலை உறுப்போ, இரு கண்களும் ஒரே புள்ளியில் குவிகிற பழக்கமோ கலைந்திருக்கலாம். படிக்க உட்கார்ந்தால் மட்டும், கடைத்தெருக் கூட்டத்துக்குள் நுழைந்தால் மட்டும் தலை சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. அவர்களை எவ்வளவு நடக்கவிட்டாலும் இது தீராது. பிசியோதெரபிஸ்டிடமோ கண், காது மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும்.